பழைய கீபோர்டு போனைத் தினசரி வேலைக்கு வைத்துக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

நான்கு வருடம் இழுப்பறையில் கிடந்த, எழுத்துக்கு ஒரு பட்டன் உள்ள நோக்கியா இ71-ஐ ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா சார்ஜரில் போட்டேன். உயிர் வந்தது. தேதி கேட்டது, நேரம் கேட்டது, அப்புறம் பழைய முகப்புத் திரை அப்படியே வந்து நின்றது. ஏதாவது எழுதிப் பார்க்கலாமே என்று குறிப்பேட்டைத் திறந்து கட்டைவிரல்களை வைத்தேன். கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. திரும்பிப் பார்த்தால் இரண்டு வரி பிழையில்லாமல் விழுந்திருந்தது. எனக்கு மறந்துபோயிருந்தது, விரலுக்கு மறக்கவில்லை.

அன்றிலிருந்து அது என் இரண்டாவது போன். பேச, செய்தி அனுப்ப, குறிப்பெடுக்க, நாள்காட்டி பார்க்க, பாட்டுக் கேட்க. வீட்டில் இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தாலோ, பழசாக ஒன்று வாங்கும் யோசனை இருந்தாலோ, நான் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்தப் போன்களில் இன்றைக்கும் உயிரோடு இருப்பது கீபோர்டும் அதைச் சுற்றிக் கட்டிய மென்பொருளும்தான். இவற்றின் இணைய வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. வாட்ஸ்அப்பும் வங்கி ஆப்பும் வேண்டுமென்றால் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

முதல் படி: போனுக்கு முன் நெட்வொர்க்கைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் போனின் அழகைப் பார்க்கிறார்கள். நான் சிம்மைப் பார்க்கச் சொல்வேன். 2003 முதல் 2011 வரை வந்த கீபோர்டு போன்கள் கிட்டத்தட்ட எல்லாமே 2ஜி அல்லது 3ஜி. பல நாடுகளில் இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ நிறுத்திவிட்டார்கள், மற்ற இடங்களிலும் ஒவ்வொன்றாக நிறுத்தி வருகிறார்கள். 4ஜி மட்டும் இருக்கும் நெட்வொர்க்கில் இந்தப் போன்களுக்குச் சிக்னலே வராது. இணையம் மட்டுமல்ல, சாதாரண அழைப்பும் போகாது. ஆகவே உங்கள் சிம் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 2ஜியோ 3ஜியோ இன்னும் ஓடுகிறதா, எந்த அலைவரிசையில்?

அலைவரிசை ஏன் என்றால், ஒரே பெயரில் பல ரகம் உண்டு. இ71-இலேயே மூன்று. இ71-1 ரகத்துக்கு 3ஜி 900, 2100 மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும். இ71-2 ரகத்துக்கு 850, 1900. மாற்றி வாங்கினால் 3ஜி இருக்கும் ஊரிலும் 2ஜியில்தான் தொங்க வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் உள்ளே ஸ்டிக்கரில் ரகம் எழுதியிருக்கும். சிடிஎம்ஏ என்ற வேறு நெட்வொர்க் முறையில் ஓடிய அந்தக் காலத்துப் போன்கள் பலவற்றில் சிம் போட இடமே கிடையாது. அவற்றைப் படம் பார்ப்பதோடு விட்டுவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், சிம்மின் அளவு. இந்தப் போன்களுக்கு வேண்டியது 25-க்கு 15 மில்லிமீட்டர் அளவுள்ள பழைய பெரிய சிம். நானோ சிம்மை அடாப்டரில் வைத்துப் போடலாம். ஆனால் காலி அடாப்டரை மட்டும் ஒருநாளும் உள்ளே தள்ளாதீர்கள். சிம் இணைப்பின் மெல்லிய ஊசிகள் அந்த ஓட்டைக்குள் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் வளையும். அடாப்டருக்குப் பின்பக்கம் மெல்லிய டேப் ஒட்டிவிட்டால் சிம் நழுவாது.

இரண்டாம் படி: எந்தப் போன்

இது ருசி சம்பந்தப்பட்டது, சண்டை வேண்டாம். என் கருத்தை மட்டும் சொல்கிறேன்.

பிளாக்பெர்ரியின் கீபோர்டுதான் ராஜா. 1999-இல் வந்த முதல் கருவியிலேயே அவர்கள் கட்டைவிரலுக்காக யோசித்திருந்தார்கள். 2008-இல் வந்த போல்டு 9000, 2009-இன் போல்டு 9700, 2011-இன் போல்டு 9900 மூன்றும் தட்டச்சுக்குத் தங்கம். ஒரு பிரச்சினை, இந்தப் போன்கள் தங்கள் நிறுவனத்தின் சர்வரையே நம்பி வாழ்ந்தவை. அந்தச் சேவைகளை 2022 ஜனவரி 4 அன்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு டேட்டா மட்டுமல்ல, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் கூட நம்பகமாக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது என்று நிறுவனமே அறிவித்துவிட்டது. இன்னும் அழைப்பு போகிற இடங்களும் உண்டு. அவசரத்துக்கு நம்பியிருக்கும் ஒரே போனாக மட்டும் அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

நோக்கியாவின் இ வரிசை யார் சர்வரையும் நம்பாதது. அதனால் மூப்பும் மெதுவாக வந்தது. 2008-இன் இ71 எனக்குப் பிடித்தது: 10 மில்லிமீட்டர் தடிமன், 127 கிராம், முதுகில் உலோகம். இ63 அதன் பிளாஸ்டிக் தம்பி. ஆனால் சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை அதில் உண்டு, இ71-இல் 2.5 மில்லிமீட்டர்தான். 2009-இன் இ72-இல் 3.5 உண்டு.

பாம் ட்ரியோவுக்கு இன்னும் காதலர்கள் இருக்கிறார்கள். அதன் தலையில் இருக்கும் சைலன்ட் சுவிட்சுக்காகவே அதை மெச்சலாம். திரையைத் தொடாமல் நகத்தால் தள்ளினால் போன் வாய்மூடிக்கொள்ளும். வாங்கினால் 650 வாங்குங்கள். 600-இல் பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் உள்ளே வைத்த எல்லாம் காலி, ஏனென்றால் நினைவகம் மின்சாரம் இருக்கும் வரைதான். 650-இல் அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

2008 அக்டோபரில் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி ட்ரீமையும் சிலர் தேடுகிறார்கள். திரையை நகர்த்தினால் கீழே ஐந்து வரிசைக் கீபோர்டு. முதலில் வந்தபோது திரையில் தட்டும் வசதியே அதில் கிடையாது, ஒரு சொல் எழுதினாலும் திறக்கத்தான் வேண்டும். 2009-இல் ஆண்ட்ராய்டு 1.5 வந்த பிறகுதான் திரைக் கீபோர்டு கிடைத்தது. 1150 எம்ஏஎச் பேட்டரி. வரலாறு என்று அலமாரியில் வைக்கலாம், தினசரிக்கு வேண்டாம்.

மூன்றாம் படி: கையில் வாங்கியதும் கீபோர்டைச் சோதியுங்கள்

கீறல், நிறம் போன உடல், மங்கிய திரை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கீபோர்டு போனால் எதுவும் இல்லை. குறிப்பேட்டைத் திறந்து ஏ முதல் இசட் வரை ஒவ்வொரு எழுத்தையும் மூன்று மூன்று முறை தட்டுங்கள். எங்கேயாவது இரண்டோ நான்கோ விழுகிறதா என்று பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். பட்டனுக்கு அடியில் குவிந்த சின்ன உலோகத் தகடு ஒன்று இருக்கும், அழுத்தினால் ‘டிக்’ என்று உள்ளே போய்த் திரும்ப வரும். அந்த ‘டிக்’ எல்லாப் பட்டனிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சதசதவென்று அமுங்கினால் அந்தத் தகடு களைத்துவிட்டது, அல்லது உள்ளே ஏதோ சிந்தியிருக்கிறது. ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ், ஏ, இ ஆகியவைதான் முதலில் போகும். இவை நன்றாக இருந்தால் மற்றவையும் நன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம் *#06# அடித்து ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண் திரையில் வருகிறதா, ஸ்டிக்கரில் இருப்பதோடு பொருந்துகிறதா பாருங்கள். ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். போதும்.

நான்காம் படி: பேட்டரி

பேட்டரியைத் தட்டையான மேசையில் வைத்துச் சுண்டிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் வயிறு வீங்கியிருக்கிறது. அதைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள். நோக்கியாவில் ஒரு வசதி, பிபி-4எல் என்ற ஒரே பேட்டரி இ61ஐ, இ63, இ71, இ72, இ90, என்97 எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதன் உண்மையான கொள்ளளவு 1500 எம்ஏஎச்.

அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒருவர் ‘2200’ என்று பெரிதாக அச்சடித்த புது பேட்டரி விற்றார். அதே அளவு, அதே எடைகூட இல்லை, கையில் வைத்தால் லேசாக இருந்தது. காலையில் முழுசாக ஏற்றிய போன் மதியமே சாகும். மேலே எழுதியிருந்ததில் பாதி மின்சாரம் கூட அதில் இருந்திருக்காது. அதே உடம்புக்குள் ஒன்றரை மடங்கு எப்படி வரும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சார்ஜர் துளையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இ71-இல் மைக்ரோ யுஎஸ்பி துளை இருக்கிறது, ஆனால் அதில் சார்ஜ் ஏறாது. அது கணினியோடு பேச மட்டும். சார்ஜுக்கு 2 மில்லிமீட்டர் மெல்லிய ஊசி. போல்டு 9000-க்கு மினி யுஎஸ்பி, 9700-க்கு மைக்ரோ. ஒரு கேபிளுக்காக ஒரு வாரம் காத்திருந்தவன் சொல்கிறேன், போனோடு கேபிளையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: சுத்தம்

பேட்டரியை எடுத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். பல்குச்சியால் பட்டன் இடுக்கை வருடி, மெல்லிய பிரஷால் தட்டி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. எழுத்து அச்சின் மேல் அழுத்தித் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

டிராக்பால், அதாவது சுட்டியை நகர்த்த உருட்டும் முத்து, உள்ள பிளாக்பெர்ரியில்தான் வேடிக்கை. அந்தச் சின்ன முத்துக்கு நாலு பக்கமும் குட்டி உருளைகள் இருக்கின்றன; அவற்றின் காந்தம் சுழல்வதை உணரி எண்ணுகிறது. உருளையில் அழுக்குப் படிந்தால் சுட்டி ஒரு திசையில் மட்டும் நகர மறுக்கும். பெரும்பாலும் மேலே. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு துளி ஆல்கஹால் விட்டு, போனைக் கவிழ்த்துப் பிடித்து, முத்தைத் தாளில் எல்லாத் திசையிலும் உருட்டுங்கள். சாம்பல் நிறத்தில் கோடு கோடாகத் தாளில் இறங்கும். கோடு வருவது நிற்கும் வரை இடம் மாற்றி மாற்றி உருட்டுங்கள். பத்து நிமிடம் உலரவிட்டுப் பேட்டரி போடுங்கள். பத்தில் எட்டு முறை சரியாகிவிடும்.

ஆறாம் படி: துடைத்துப் புதிதாகத் தொடங்குவது

முந்தைய ஆளின் செய்திகளோடு வாழ வேண்டாம். இ71 மாதிரி எஸ்60 மென்பொருள் ஓடும் நோக்கியாவில் *#7370# அடித்தால் எல்லாவற்றையும் அழித்துப் புதுசாக்கும். பூட்டு எண் கேட்கும். யாரும் மாற்றாமல் இருந்தால் 12345. சார்ஜ் முழுக்க இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், நடுவில் அணைந்தால் சங்கடம். மெமரி கார்டை முன்பே எடுத்துவிடுங்கள். இ71 அதிகாரபூர்வமாக 8 ஜிபி வரை உள்ள கார்டைத்தான் ஏற்கும், எஃப்ஏடி32 என்ற வடிவில் ஃபார்மேட் செய்ததாக.

வைஃபை கிடைக்கவில்லை என்று பலர் போனைத் திட்டுகிறார்கள். போனில் குற்றமில்லை. இ71-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும், கடவுச்சொல் பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 வரை. இன்றைய ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைந்திருந்தால் கைகுலுக்காது. ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க் ஒன்று 2.4-இல், டபிள்யூபிஏ2-வில் தனியாகப் போட்டுக்கொடுங்கள். இவ்வளவு பழைய கருவியை வீட்டு முக்கிய நெட்வொர்க்கிலிருந்து தள்ளி வைப்பது நல்லதும் கூட.

தேதியைச் சரியாக வையுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: இந்த நோக்கியாக்களின் இயங்குதளமான சிம்பியனுக்கு வந்த பழைய ஆப் எதையாவது நிறுவும்போது ‘சான்றிதழ் காலாவதி’ என்று நின்றால், தேதியை அந்த ஆப் வந்த வருடத்துக்குப் பின்னே தள்ளி நிறுவிவிட்டு மறுபடி இன்றைக்குக் கொண்டுவாருங்கள். கொண்டுவர மறந்தால் அடுத்த வாரச் சந்திப்பு நினைவூட்டல் ஒன்றும் அடிக்காது. எனக்கு நடந்தது.

ஏழாம் படி: தொலைபேசி எண்கள்

சிம்மில் எண்களை வைத்துக்கொள்ளும் பழக்கம் எளிது, ஆனால் ஒரு பெயருக்கு ஒரு எண்தான் நிற்கும். புது போனிலிருந்து விகார்டு என்ற தொடர்புக் கோப்பாக ஏற்றுமதி செய்து கொண்டுவருவது மேல். இங்கே ஒரு பொறி உண்டு. புது போன் எல்லாப் பெயர்களையும் ஒரே கோப்பில் கட்டித் தரும். அதை ப்ளூடூத்தில் அனுப்பித் திறந்தால் பழைய போன் முதல் பெயரை மட்டும் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லலாம். கோப்பைக் கணினியில் பெயருக்கு ஒன்றாகப் பிரித்து, மெமரி கார்டில் ‘அதர்ஸ்’ அடைவுக்குள் ‘கான்டாக்ட்ஸ்’ என்ற அடைவில் போட்டு, தொடர்புகளில் ‘மெமரி கார்டிலிருந்து நகலெடு’ கொடுங்கள். வந்துவிடும்.

தமிழில் சேமித்த பெயர்களை முன்கூட்டியே ரோமன் எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கட்டம் கட்டமாக வந்து நிற்பார்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துப் பேசினால்தான் தெரியும்.

எட்டாம் படி: விரலைப் பழக்குவது

இதற்காகத்தான் இவ்வளவு பாடும். நிதானமாகச் செய்யுங்கள்.

போனைப் பிடிக்கும் விதம் முதலில். இரண்டு கையின் நான்கு விரல்களும் போனுக்குப் பின்னால் ஒன்றோடொன்று கோத்து ஒரு தொட்டில் மாதிரி இருக்கட்டும். எடை முழுக்க அங்கே. கட்டைவிரல்கள் எதையும் தாங்கக் கூடாது, சுதந்திரமாக மேலே மிதக்க வேண்டும். தொடுதிரைப் பழக்கத்தில் நாம் விரலின் சதையால் தட்டுகிறோம். இங்கே அது இரண்டு பட்டன்களை மூடிவிடும். கட்டைவிரலைச் சற்று மடக்கி, நகத்துக்குப் பக்கத்திலுள்ள ஓரத்தால் அழுத்துங்கள். இ71-இன் பட்டன்கள் தனித்தனியாக மேடாக இருப்பதும், போல்டு 9000-இன் பட்டன்கள் ஒரு பக்கம் உயர்ந்து சரிந்திருப்பதும் இதற்காகத்தான். அந்த ஓரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சரிவே சொல்லிக்கொடுக்கும்.

முதல் வாரம் சொல் ஊகிப்பை அணைத்துவிடுங்கள். ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுபவர்களுக்கு இது கட்டாயம். ‘என்ன’ என்று தட்டினால் போன் தனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் ஒன்றைத் திணிக்கப் பார்க்கும், நீங்கள் அழித்து அழித்தே களைத்துப்போவீர்கள். தினம் ஒரு பத்து வரி, எதையாவது, கீபோர்டைப் பார்த்தபடி எழுதுங்கள். மூன்றாம் நாள் திரையைப் பாருங்கள். ஏழாம் நாள் இரண்டையும் பார்க்காதீர்கள். பிளாக்பெர்ரியில் 5 எண் இருக்கும் டி பட்டனில் ஒரு சின்னப் புள்ளி தடவினால் தெரியும்; இருட்டில் அதுதான் உங்கள் கலங்கரை விளக்கம்.

சின்னச் சின்ன உபாயங்கள் பிளாக்பெர்ரியில் ஏராளம். ஸ்பேஸை இரண்டு முறை தட்டினால் முற்றுப்புள்ளியும், அடுத்த எழுத்து தானாகப் பெரிதாகவும் வரும். ஒரு எழுத்தை அழுத்திப் பிடித்தால் பெரிய எழுத்து, ஷிஃப்ட் தேவையில்லை. மின்னஞ்சல் முகவரிப் பெட்டியில் முதல் ஸ்பேஸ் ‘அட்’ குறியாகும், அடுத்த ஸ்பேஸ் புள்ளியாகும். இதையெல்லாம் யோசித்தவர் ஒரு நாளைக்கு நூறு கடிதம் எழுதியிருக்க வேண்டும்.

இவற்றில் நான் அதிகம் கொண்டாடுவது ஆட்டோடெக்ஸ்ட். ஒரு சுருக்கத்தைச் சொல்லிக்கொடுத்தால், அதைத் தட்டி ஸ்பேஸ் அடித்ததும் முழுச் சொல் விரியும். என்னிடம் ‘விகே’ அடித்தால் ‘வணக்கம்’, ‘வக’ என்பதற்கு இணையான இரண்டு எழுத்து அடித்தால் ‘வந்துகொண்டிருக்கிறேன், பத்து நிமிடம்’. ‘எல்டி’ அடித்தால் அன்றைய தேதியும் ‘எல்டி’யின் தம்பி மாதிரி ‘எல்’லும் ‘டி’யும் (இந்த ‘டி’ டைம் என்பதன் டி) அடித்தால் அப்போதைய நேரமும் விழுவது போனோடேயே வருகிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறது, என்ன செய்ய. முதல் ‘டி’ ஆங்கில வரிசையில் நான்காவது எழுத்து, அடுத்தது இருபதாவது எழுத்து.

எஸ்எம்எஸ் அளவையும் மனதில் வையுங்கள். ரோமன் எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் யுனிகோடில் போனால் 70 மட்டுமே, நீண்டால் துண்டு துண்டாகப் போகும்.

கட்டைவிரலின் அடிமூட்டில் வலி வந்தால் அலட்சியம் வேண்டாம். அந்த வலிக்கு ‘பிளாக்பெர்ரி கட்டைவிரல்’ என்றே பெயர் வைத்தார்கள். நீளக் கடிதங்களைக் கணினிக்கு விட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் படி: மெனுவுக்குள் போகாமல் வேலை முடிப்பது

தட்டச்சு பாதிதான். மீதிப் பாதி குறுக்குவழிகள். மெனுவில் படம் படமாகத் தேடி உள்ளே போகிறவருக்கு இந்தப் போன் ஆமை. பட்டன் தெரிந்தவருக்குப் புதுப் போனைவிட வேகம்.

இ71-இல் முகப்பு, நாள்காட்டி, தொடர்புகள், செய்தி என்று நான்கு பட்டன்கள் கீபோர்டுக்கு மேலே இருக்கின்றன. ஒரு முறை தட்டினால் திறக்கும். அழுத்திப் பிடித்தால் நேராகப் புதிய பதிவு. நாள்காட்டியைப் பிடித்தால் புதிய சந்திப்பு, செய்தியைப் பிடித்தால் வெற்றுச் செய்தி. முகப்பைப் பிடித்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களின் பட்டியல் வரும். எண் குறியான ஹாஷ், ஜே பட்டனில் இருக்கிறது. முகப்புத் திரையில் அதை அழுத்திப் பிடித்தால் போன் மௌனமாகும், மறுபடி பிடித்தால் பேசும். கூட்டத்தில் உட்கார்ந்தபடி பைக்குள் கைவிட்டு இதைச் செய்யலாம். கேமராவில் குவியம் சரிசெய்ய டி பட்டன் என்பது கொஞ்சம் வினோதம், இதுவும் டைம் என்பதன் டி. தெரியாமல் மங்கலான படமாக எடுத்துத் தள்ளியவர்கள் அநேகம். இ63-இல் ஸ்பேஸைப் பிடித்தால் டார்ச் எரியும்.

பிளாக்பெர்ரியில் முகப்புத் திரையிலிருந்து எண் டயல் செய்யும் வசதியை அணைத்துவிட்டால், ஒவ்வொரு எழுத்தும் ஒரு கதவு. எம் செய்திகள், எல் நாள்காட்டி, பி உலாவி, கே பூட்டு. செய்திப் பட்டியலுக்குள் யு அடித்தால் அடுத்த படிக்காத செய்தி, சி புதிய கடிதம், ஆர் பதில், எஃப் வேறொருவருக்கு அனுப்பு. ஸ்பேஸ் ஒரு பக்கம் கீழே. வரும் கடிதங்களை ஒரு கையால் இப்படி மேய்ந்துகொண்டே போன காலம் உண்டு. 2006-இல் ஓர் அமெரிக்க அகராதி ‘கிராக்பெர்ரி’யை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை.

ஒரு எழுத்தை அழுத்திப் பிடித்தால் ஒருவருக்கு அழைப்பு போகும்படியும் வைக்கலாம். முதல் ஆசை அம்மாவுக்கு ஏ. வைக்க முடியாது: ஏ பூட்டுக்கு, க்யூ அதிர்வுக்கு, டபிள்யூ குரலஞ்சலுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். என் அம்மா எம்மில் இருக்கிறார்.

போன் உறைந்து நின்றால் பேட்டரியைப் பிடுங்கிப் போடுவது பழைய வைத்தியம். ஆல்ட், வலது ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் பிளாக்பெர்ரி மறுபடி தொடங்கும். எப்படித் தொடங்கினாலும் நிமிடக்கணக்கில் மணல்கடிகாரம் சுற்றும், முகம் கழுவிவிட்டு வரலாம்.

பத்தாம் படி: இணையத்தில் எதை எதிர்பார்க்கலாம்

குறைவாக. காரணம் வேகமோ திரையோ இல்லை, பூட்டு. இன்று தளங்கள் எல்லாம் டிஎல்எஸ் 1.2 அல்லது 1.3 என்ற மறையாக்கத்தில் பேசுகின்றன. இ71 வெளிவந்த அதே 2008-இல்தான் டிஎல்எஸ் 1.2 எழுதப்பட்டது, ஆகவே அதைக் கற்காமலேயே போன் பிறந்துவிட்டது. அதற்குத் தெரிந்த பழைய மொழியை 2020 வாக்கில் பெரிய உலாவிகள் கைவிட்டன, 2021 மார்ச்சில் முறைப்படியே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் பூட்டுப் போட்ட தளம் எதைத் திறந்தாலும் ‘இணைக்க முடியவில்லை’ என்று வருகிறது. மின்னஞ்சல் பெட்டியும் இதே கதவில்தான் முட்டிக்கொள்கிறது. பாதுகாப்பை அணைத்துவிட்டு இணைக்கச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டையில் போவதற்குச் சமம். வாட்ஸ்அப் சிம்பியனில் 2017 ஜூன் 30-உடனும், பிளாக்பெர்ரியில் அதே ஆண்டின் கடைசி நாளோடும் நின்றது.

பூட்டில்லாத எளிய தளங்கள் திறக்கும். பழைய கணினிகளுக்காகவே பக்கங்களை உரித்து வெறும் எழுத்தாகத் தரும் ஃபிராக்ஃபைண்ட் மாதிரி தேடல் தளம் இதற்குத் தோது. ஓபரா மினி பக்கத்தைத் தன் சர்வரில் பிசைந்து சுருக்கி அனுப்பும் உலாவி. அது இணைந்தால் பாக்கியம். இணைந்தால் தமிழ் படிக்க ஒரு வித்தை இருக்கிறது, அந்தக் காலத்தில் வாய்வழியாகப் பரவியது. முகவரிப் பெட்டியில் ‘ஓபரா’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ‘கான்ஃபிக்’ சேர்த்துப் போங்கள். வரும் பட்டியலின் கடைசிப் பக்கம், சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் எழுத்துருவைப் பயன்படுத்தவா என்று கேட்கும் வரி. ‘ஆம்’ கொடுத்துச் சேமியுங்கள். சர்வர் தமிழைப் படமாக வரைந்து அனுப்பும், கட்டங்கள் எழுத்தாகும். பக்கம் கொஞ்சம் கனக்கும், எழுத்தை நகலெடுக்க முடியாது. முதன்முதலில் அந்தக் கட்டங்கள் ‘க’வும் ‘ழ’வுமாக மாறியதைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பதினோராம் படி: புதுப் போனோடு சேர்த்து வைப்பது

நடைமுறையில் இரண்டு போன்கள். எல்லாரும் கூப்பிடும் சிம் பழையதில். டேட்டா சிம் புதியதில், அது பெரும்பாலும் பையில். பழையதில் எழுதிய குறிப்புகளை இரவில் ப்ளூடூத்தில் ஆண்ட்ராய்டு போனுக்கோ கணினிக்கோ அனுப்பிவிடுவேன். ஐபோன் இப்படிக் கோப்பு வாங்கிக்கொள்ளாது, அதற்கு மெமரி கார்டைக் கணினியில் செருகித்தான் எடுக்க வேண்டும். அனுப்பி முடிந்ததும் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள். இத்தனை வருடமாகப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வாங்காத போன் அது. கடவுச்சொற்கள், அட்டை எண்கள் எதையும் இதில் எழுதி வைக்கவும் வேண்டாம்.

ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால், சார்ஜைப் பாதிக்குக் கொண்டுவந்து, அணைத்து, பேட்டரியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து மூடுங்கள். முழுசாக ஏற்றியும் வைக்க வேண்டாம், காலியாகவும் வைக்க வேண்டாம். தேதி அழிந்துபோகும். மறுபடி போடும்போது அதைத்தான் முதலில் கேட்கும்.